மூடாத பைப் முனை – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

லினக்ஸில், சி மொழியில் சொந்தமாக ஒரு ஷெல் (கட்டளைகளை வாங்கி ஓட்டும் நிரல்) எழுதி வருகிறேன். ‘யெஸ் | ஹெட்’ (யெஸ் முடிவில்லாமல் வரிகள் எழுதும், ஹெட் முதல் பத்தை மட்டும் எடுக்கும்) கொடுத்தால் பத்து வரி வருகிறது, பிராம்ப்ட் திரும்பி வருவதில்லை. இன்னொன்று, ‘எக்கோ | கேட்’ போன்றதை லூப்பில் ஓடவிட்டால் ஆயிரத்தைத் தாண்டியதும், திறந்த ஃபைல்கள் அதிகம் என்று பிழை வருகிறது. வால்கிரைண்டில் (மெமரி பிழைகளைத் தேடும் கருவி) மெமரி லீக் இல்லை. எங்கிருந்து தேடுவது?

எம்.

அன்புள்ள எம்.,

இரண்டும் ஒரே பிழை என்றே நினைக்கிறேன். பைப்பின் (‘|’, ஒரு கட்டளை எழுதுவதை அடுத்தது வாசிக்கத் தரும் குழாய்) வாசிக்கும் முனையை உங்கள் ஷெல் மூடவில்லை.

ஹெட் தன் பத்து வரியை எடுத்துக்கொண்டு போய்விடுகிறது. வாசிக்க ஆளே இல்லை என்றால்தான் கெர்னல் யெஸ்ஸுக்கு சிக்பைப் என்ற, அதை நிறுத்தும் சிக்னலை அனுப்பும். இங்கே ஷெல்லிடம் ஒரு முனை திறந்தே இருக்கிறதே! யெஸ் பைப்பின் 64 கேபி பஃபரை நிரப்பிவிட்டு அப்படியே நிற்கிறது. அது முடியட்டும் என்று ஷெல்லும் நிற்கிறது. ஆயிரக் கணக்கும் இதற்குப் பொருந்துகிறது. ஒரு ப்ராசஸ் திறந்து வைக்கும் ஃபைல்களுக்கு வழக்கமான வரம்பு 1024. பைப்லைனுக்கு ஒன்று வீதம் கசிந்தால் ஆயிரத்துச் சொச்சத்தில் முட்டும். எழுதும் முனையும் திறந்திருந்தால் கேட் கட்டளைக்கு ஃபைல் முடிவே தெரியாது, காத்துக்கொண்டே இருக்கும், முதல் சுற்றிலேயே மாட்டியிருப்பீர்கள்.

சரி, கண்ணால் பார்த்துவிடலாம். உங்கள் ஷெல்லிலிருந்தே ‘எல்எஸ் -எல் /ப்ராக்/செல்ஃப்/எஃப்டி’ கொடுங்கள்; எல்எஸ் திறந்து வைத்திருப்பவற்றின் எண்கள் வரும். 0, 1, 2 (வழக்கமான உள்ளீடு, வெளியீடு, பிழை வெளியீடு) தவிர ஒன்றுதான் கூடுதலாக இருக்க வேண்டும்; அது எல்எஸ் தானே திறந்த டைரக்டரி. ‘பைப்:[48213]’ மாதிரி ஏதாவது தென்பட்டால் ஷெல் அதைச் சைல்டுக்கு (தான் தொடங்கிய ப்ராசஸுக்கு) தாரை வார்த்திருக்கிறது. அதே எண்ணை /ப்ராக்கில் ஷெல்லின் பிஐடிக்குக் (ப்ராசஸ் எண்) கீழே உள்ள எஃப்டி டைரக்டரியில் தேடுங்கள். எந்த வரியில் திறந்தது என்பதை வால்கிரைண்டே காட்டும்; ‘--ட்ராக்-எஃப்டிஸ்=யெஸ்’ சேர்க்க வேண்டும், அவ்வளவுதான்.

பைப்பை உருவாக்கும் பைப்2-வில் ஓ_க்ளோஎக்ஸெக் என்ற ஃபிளாக் போட்டால் போதாதா என்று தோன்றும். இப்போதைக்கு வேண்டாம். எக்ஸெக் (சைல்டு புதிய நிரலாக மாறுவது) நடக்கும்போது சைல்டில் அது மூடிவிடும், ஷெல்லில் கசிந்தது கசிந்தபடியே இருக்கும். மேலே சொன்ன சோதனையிலும் கண்ணில் படாது. முதலில் க்ளோஸ்களைச் சரிசெய்யுங்கள், அப்புறம் அதைச் சேர்த்துக்கொள்ளலாம்.

பிழை வரும் பாதைகளையும் விடாதீர்கள். இரண்டு ரீடைரக்‌ஷன் உள்ள பில்ட்-இன் (ஷெல்லே ஓட்டும்) கட்டளையில் இரண்டாவது ஃபைல் திறக்காவிட்டால், முதலில் திறந்ததையும், டூப் செய்து (நகலெடுத்து) வைத்த பழைய ஸ்டாண்டர்டு அவுட்டையும் யார் மூடுகிறார்கள்? ‘யூலிமிட் -என் 16’ என்று திறந்த ஃபைல் வரம்பைக் குறைத்து வைத்துவிட்டு இப்படித் தோற்கும் கட்டளைகளை லூப்பில் ஓட்டுங்கள். கசிவு இருந்தால் சில சுற்றுகளிலேயே மாட்டிக்கொள்ளும்.