ஆண் டாக்டர் பார்த்தால் என்ன செய்வது?

"லாத்தா, மூன்று மாதம் முழுகாமல் இருக்கிறேன். இங்கே ஆண் டாக்டர் பார்ப்பாரோ என்று பயமாக இருக்கிறது. இங்கிலீஷும் வராது, மாப்பிள்ளைதான் பேசணும்" என்று பெரியபட்டினத்திலிருந்து லெஸ்டருக்குப் புதிதாக வந்த தங்கச்சி கேட்டிருக்கிறாள். நானும் கீழக்கரைதான். இங்கிலாந்தில் மிட்வைஃபாக, அதாவது பேறுகாலம் பார்க்கும் மருத்துவச்சியாக, வேலை பார்க்கிறேன்.

தங்கச்சி, சிக்கலில்லாத கர்ப்பத்தை இங்கே பார்ப்பது மிட்வைஃப்தான், அநேகமாக எல்லாரும் பெண்கள். டாக்டரிடம் அனுப்பினால், தேதி வாங்கும்போதே பெண் டாக்டர் வேண்டும் என்று சொல்லிவிடு. மேசையில் படுத்த பிறகு சொன்னால் ஆள் கிடைப்பது கஷ்டம். ராத்திரி அவசரத்தில் ஆண் டாக்டர் மட்டும் இருக்கலாம். அப்போதும் ஒரு பெண் ஊழியர் பக்கத்தில் நிற்க வேண்டும் என்று கேள், ஷாப்பரோன் என்றால் புரிந்துகொள்வார்கள். பார்க்க வேண்டிய இடத்தை மட்டும் திறந்தால் போதும், மற்றதை மூடிக்கொள்ளலாம். பாதியில் வேண்டாம் என்றால் நிறுத்தியாக வேண்டும்.

ஸ்கேனுக்கு ஒரே நீள அங்கியாகப் போடாமல், சட்டையும் பாவாடையும் தனித்தனியாகப் போட்டுப் போ. வயிறு தெரியச் சட்டையை ஏற்றினால் போதும், முக்காட்டில் கை வைக்கவே வேண்டாம். பிரஷர் பார்க்க, சட்டைக் கை முழங்கைக்கு மேலே ஏறுகிற மாதிரி தளர்வாக இருக்கட்டும்.

ராம்நாட்டில் லேடி டாக்டரிடம் போனால் உம்மா, மாமி எல்லாரும் உள்ளே வருவார்கள், டாக்டர் கேட்பதற்கு மாமியே பதில் சொல்லுவார். இங்கே உன்னிடம்தான் கேட்பார்கள். ஒரு தடவையாவது உன்னைத் தனியாக வைத்துப் பேசுவார்கள். வீட்டில் யாராவது அடிக்கிறார்களா என்றுகூடக் கேள்வி வரும், உன் மாப்பிள்ளை மேல் சந்தேகப்பட்டு அல்ல, எல்லாப் பெண்களிடமும் கேட்பதுதான். சொந்தத்தில் கட்டினீர்களா என்பதும் அப்படித்தான், பரம்பரை நோய்க்காகக் கேட்பது, கூசாமல் சொல். இதனால்தான் மாப்பிள்ளையை மொழிபெயர்க்க விட மாட்டார்கள். ஆஸ்பத்திரியே போனிலோ நேரிலோ தமிழ் பேசுபவரை ஏற்பாடு செய்யும், காசு கிடையாது.

எனக்கு மிகவும் கவலை தருவது நம் பெண்களின் தலையாட்டல். பெரியவர்கள், டாக்டர்கள் பேசும்போது புரியாவிட்டாலும் தலையை ஆட்டிக்கொண்டே இருப்போம். இங்கே டாக்டர்கள் அதைச் சம்மதமாக எடுத்துக்கொள்வார்கள். அப்படித் தலையாட்டிவிட்டு, பரிசோதனை மேசையில் திடுக்கிட்டு அழுத பெண்களைப் பார்த்திருக்கிறேன். என்ன செய்யப் போகிறார்கள், எதற்காக என்று உனக்கு விளங்கும் வரை கேள். யாரும் கோபப்பட மாட்டார்கள்.

அப்புறம், ஆசியக் குடும்பங்களில் சர்க்கரை நோய் அதிகம் என்பதால் 24 முதல் 28 வாரத்துக்குள் ஒரு பரிசோதனைக்குக் கூப்பிடுவார்கள். வெறும் வயிற்றில் ரத்தம் எடுத்து, குளுக்கோஸ் தண்ணீர் குடிக்கக் கொடுத்து, இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி எடுப்பார்கள். அந்தத் தேதி நோன்பு மாதத்தில் விழுந்தால் முன்பே சொல்லி மாற்றிக்கொள். நோன்பு பிடிக்கலாமா என்பதையும் மிட்வைஃபிடம் மனம் விட்டுப் பேசு.

முதல் சந்திப்பு 10 வாரத்துக்குள் நடப்பதுதான் நல்லது. நீ மூன்று மாதம் என்கிறாய், அதனால் நாளைக் காலையே ஜிபி (குடும்ப டாக்டர்) கிளினிக்குக்குப் போன் போடு. எடுத்தவுடன் தமிழ் இன்டர்பிரட்டர் வேண்டும் என்று சொல், மீதியை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.