வண்டிப் பட்டறை: சூடேறினால் இழுக்காத கார்

கேள்வி: ஐயா, நான் வலங்கைமானில் இருந்து தினமும் மன்னார்குடிக்குப் போய் வரும் பள்ளி ஆசிரியை. ஆறு மாதத்துக்கு முன் கும்பகோணத்தில் ஒரு புரோக்கர் மூலம் 2012 மாடல் சின்ன பெட்ரோல் கார் வாங்கினேன். காலையில் ஒரே சாவியில் ஸ்டார்ட் ஆகிறது, நன்றாகவும் ஓடுகிறது. நீடாமங்கலம் நெருங்கும்போதுதான் கோளாறு. ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்தாலும் முக்கி முக்கித்தான் போகிறது. ரயில்வே கேட்டில் வெகுநேரம் நின்ற நாட்களில் இன்னும் மோசம். ஓரமாக நிறுத்திக் கால் மணி நேரம் கழித்து எடுத்தால் சரியாகிவிடும்; கொஞ்ச தூரத்தில் மறுபடியும் அதே கதை. ஏ.சி.யை அணைத்தால் பரவாயில்லை. ஹீட் முள் நடுவிலேயே நிற்கிறது. செக் எஞ்சின் விளக்கும் எரியவில்லை. மெக்கானிக் பிளக், ஏர் ஃபில்டர் மாற்றினார், எஞ்சினுக்குக் காற்று போகும் திராட்டில் பாடியைக் கழுவினார், பிளக்குக்குப் பொறி தரும் இக்னிஷன் காயிலும் மாற்றினார். இப்போது இசிஎம் (எஞ்சினை இயக்கும் கம்ப்யூட்டர்) போயிருக்கும், 22,000 ரூபாய் ஆகும் என்கிறார். மாற்றலாமா, வண்டியையே தள்ளிவிடலாமா? தீபாவளிக்கு டேங்க் நிரப்பிக்கொண்டு வேளாங்கண்ணி போய் வந்தோம், அன்றைக்கு ஒரு தொந்தரவும் இல்லை. அதுதான் புரியவில்லை. மற்ற நாட்களில் 300, 500 ரூபாய்க்குத்தான் பெட்ரோல் போடுவேன்.

பதில்: இசிஎம்மைத் தொடவே வேண்டாம் டீச்சர். வண்டியையும் விற்க வேண்டாம். உங்கள் கடிதத்தின் கடைசி வரிகளிலேயே பாதி விடை இருக்கிறது. புரியவில்லை என்று நீங்கள் எழுதியதுதான் எனக்குக் கிடைத்த நல்ல துப்பு.

"சூடானால் இழுக்கவில்லை" என்று வண்டியைக் கொண்டு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, கிளம்பி எவ்வளவு நேரத்தில் என்பதுதான். காரில் எல்லாப் பாகமும் ஒரே நேரத்தில் சூடாவதில்லை. எஞ்சினும் அதைச் சுற்றி ஓடும் கூலன்ட்டும் பத்து நிமிடத்துக்குள் தயாராகிவிடும். கூலன்ட் சென்சாரோ ஆக்சிஜன் சென்சாரோ தப்பான கணக்குக் கொடுத்தால், உங்கள் வண்டி ஆலங்குடி குரு கோயிலைத் தாண்டுவதற்குள்ளேயே மக்கர் செய்திருக்க வேண்டும். அதற்கு மேலும் நேரம் எடுத்துச் சூடாகிற இடம் பெட்ரோல் டேங்க். அதற்குள்தான் பெட்ரோலை எஞ்சினுக்குத் தள்ளும் பியூயல் பம்ப் உட்கார்ந்திருக்கிறது.

இந்த பம்ப் பெட்ரோலிலேயே மூழ்கி, அந்தப் பெட்ரோலாலேயே குளிர்கிறது. 500 ரூபாய்க்கு ஏறக்குறைய 5 லிட்டர் வரும். சின்ன கார் டேங்க்கே 35 லிட்டர் பிடிக்கும். அடியில் கிடக்கும் அந்தக் கொஞ்சப் பெட்ரோலில் பம்ப் முக்கால்வாசி வெளியே தெரிய நின்று ஓடுகிறது. தேய்ந்த பம்ப்பாக இருந்தால் சூடேறச் சூடேற அழுத்தம் விழும். ஐடிலிங்கில், அதாவது வண்டி நின்றபடி எஞ்சின் மட்டும் ஓடும்போது, அதற்குப் பெட்ரோல் கொஞ்சம்தான் வேண்டும், அதனால் அப்போது ஒன்றும் தெரியாது. மிதிக்கும்போதுதான் பற்றாக்குறை தெரியும். ஏ.சி.யை அணைத்தால் எஞ்சினின் சுமை குறைகிறது, தேவை குறைகிறது, கொஞ்சம் பரவாயில்லை என்று தோன்றுகிறது. கேட்டில் ஏ.சி. ஓட நிற்கும்போது தார் ரோட்டுச் சூடும் எஞ்சின் சூடும் அடிப்பக்கமாகச் சேர்கின்றன. தீபாவளிக்கு டேங்க் நிறைய இருந்ததால் பம்ப் குளிர்ச்சியாக இருந்தது, வேளாங்கண்ணி வரை தொந்தரவு தரவில்லை. நீங்கள் எழுதிய அத்தனையும் இந்த ஒரு காரணத்தோடு பொருந்துகிறது.

பொருந்துகிறது என்பதற்காகப் பம்ப்பை உடனே மாற்றிவிடாதீர்கள். அப்படி மாற்றினால் உங்கள் மெக்கானிக் செய்ததையே நானும் செய்கிறேன் என்று ஆகும். காசு செலவில்லாத சோதனை முதலில். ஒரு முறை டேங்க்கை நிரப்புங்கள். எப்படியும் நீங்கள் ஓட்டிச் செலவழிக்கப்போகிற பெட்ரோல்தான். அதே ரோட்டில், அதே நேரத்தில், ஏ.சி. போட்டு ஓட்டுங்கள். பாதிக்கு மேல் இருக்கும்வரை ஒழுங்காக ஓடி, கால் டேங்க்குக்குக் கீழே வந்ததும் பழைய தொந்தரவு திரும்பினால் சந்தேகம் வலுவாகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். இழுக்காத நேரத்தில் ஓரமாக நிறுத்திப் பெட்ரோல் மூடியையும் ஒருமுறை திறந்து பாருங்கள். உஸ் என்று காற்றை உள்ளே இழுத்து, அதன் பிறகு வண்டி ஒழுங்காகப் போனால், டேங்க்குக்குக் காற்று வரும் வழி அடைத்திருக்கிறது. அது பம்ப் கோளாறே இல்லை.

அடுத்த சோதனைக்குப் பட்டறை வேண்டும். பியூயல் லைனில் பிரஷர் கேஜ் மாட்டச் சொல்லுங்கள். இந்த வகை பெட்ரோல் எஞ்சின்களில் பொதுவாக 3 பார் அளவில் அழுத்தம் இருக்கும். உங்கள் மாடலுக்குச் சரியான எண் சர்வீஸ் மேனுவலில் உண்டு. வண்டி குளிர்ந்திருக்கும்போது பட்டறை வாசலிலேயே பார்த்துவிட்டு "பிரஷர் நல்லா இருக்கே" என்று அனுப்பிவிட்டால் அந்தச் சோதனையால் பயன் இல்லை. கேஜை நீள ஓஸோடு வெளியே எடுத்து, வைப்பர் அடியில் கண்ணாடிமேல் படும்படி கட்டி, டேங்க்கில் பெட்ரோல் குறைவாக வைத்து, கோளாறு வரும்வரை ஓட்டி, அந்த நேரத்தில் முள் எங்கே நிற்கிறது என்று பார்க்க வேண்டும். காய்ச்சல் அடிக்கும்போது தெர்மாமீட்டர் வைத்தால்தானே டாக்டருக்குத் தெரியும்? இதைக் கைதேர்ந்தவர்தான் செய்ய வேண்டும். லைனில் இருக்கும் அழுத்தத்தை இறக்காமல் கழற்றினால் சூடான எஞ்சின்மேல் பெட்ரோல் பீய்ச்சி அடிக்கும். வீட்டில் யாரும் முயற்சி செய்ய வேண்டாம் என்று கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன்.

அழுத்தம் விழுந்தால்கூட இன்னும் ஒன்று பாக்கி. அதே சூட்டில் பம்ப்புக்கு வரும் கரண்ட்டை மீட்டர் வைத்துப் பார்க்க வேண்டும். பேட்டரியில் 14 வோல்ட் காட்டும்போது பம்ப் பிளக்கில் 11தான் வருகிறது என்றால் பம்ப்பைக் குறை சொல்லக்கூடாது. ரிலே (பம்ப்புக்கு கரண்ட்டைத் திறந்துவிடும் ஸ்விட்ச்), எர்த், நடுவில் உள்ள கனெக்டர் இவற்றில் எங்கோ பச்சை பிடித்திருக்கிறது. ஐப்பசி கார்த்திகை மழையில் நம் பக்கத்து ரோடுகளில் முழங்கால் தண்ணீரில் ஓடிய வண்டிகளுக்கு இது சகஜம். வோல்ட் சரியாக வந்தும் அழுத்தம் விழுந்தால்தான் பம்ப்பை வெளியே எடுக்க வேண்டும். எடுக்கும்போது அதன் அடியில் இருக்கும் வலை ஃபில்டரைப் பாருங்கள். பல வருடமாகக் கொஞ்சம் கொஞ்சமாகவே பெட்ரோல் போட்டு ஓட்டிய டேங்க்கில் அழுக்கு அடியில் படிந்து, ஓட ஓட வலையில் ஒட்டி, நிறுத்தினால் உதிரும். கால் மணி நேரத்தில் வண்டி தெளிவது அதனாலும் இருக்கலாம். அப்படியானால் டேங்க்கைக் கழுவாமல் புது பம்ப் போட்டால் அதுவும் சீக்கிரமே போகும். மாற்றுவதாக இருந்தால் அசல் பம்ப்பே போடுங்கள்.

விளக்கு எரியவில்லை என்கிறீர்கள். நாளைக் காலை சாவியைத் திருப்பி, ஸ்டார்ட் செய்யாமல், டேஷ்போர்டைப் பாருங்கள். அந்த மஞ்சள் எஞ்சின் விளக்கு ஒருமுறை எரிய வேண்டும், ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் விற்றவர் அதைச் செயலிழக்கச் செய்திருக்கலாம். பழைய கார் வியாபாரத்தில் இது நடக்கிறது, எனக்கு ஆத்திரம் வரும் விஷயம் இது. விளக்கு ஒழுங்காக எரிந்து அணைந்தாலும் பம்ப் கோளாறுக்கு அது எரியாமல் இருக்கலாம். இந்த வகைக் கார்கள் பெரும்பாலானவற்றில் பெட்ரோல் அழுத்தத்தை அளக்கும் சென்சாரே கிடையாது.

ஒருவேளை சூட்டிலும் அழுத்தம் கல் மாதிரி நின்றால்? அப்போது பிரேக்கைப் பாருங்கள். பிரேக் பிடித்தே இருந்தால் எஞ்சினில் ஒரு குறையும் இல்லாமலே வண்டி இழுக்காது. ஓட ஓடப் பிரேக் ஆயில் சூடாகி இன்னும் இறுக்கிப் பிடிக்கும். ஆளில்லாத சமமான ரோட்டில் நியூட்ரல் போட்டால் வழுக்கிக்கொண்டு போகிறதா, சட்டென்று நிற்கிறதா என்பதிலேயே தெரிந்துவிடும். ஆர்பிஎம் (எஞ்சின் சுற்றும் வேகம்) ஏறியும் வண்டியின் வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச். வேகம் கூடக்கூட மூச்சு முட்டினால், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரில் அடைப்பு. காயில் போயிருந்தால் முக்காது, வெட்டி வெட்டி இழுக்கும். அதற்கும் டேங்க் அளவுக்கும் சம்பந்தம் இல்லை. கழற்றிய பழைய காயிலை வாங்கி டிக்கியில் போட்டு வையுங்கள், அது நல்ல காயிலாகத்தான் இருக்கும்.

இனிமேல் கால் டேங்க்குக்குக் கீழே போக விடாதீர்கள். மாதச் சம்பளத்தில் மொத்தமாக நிரப்புவது கஷ்டம் என்பது எனக்குத் தெரியும். ஒரு முறை நிரப்பிவிட்டால் அதன் பிறகு அதே 500 ரூபாயை மேல் பாதியிலேயே போட்டுக்கொண்டு வரலாம்.

கேள்வி: திருத்துறைப்பூண்டி பக்கம் பழைய கார் பார்க்கிறேன். ஓட்டிப் பார்க்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: வருகிறேன் என்று சொல்லும்போதே "வண்டியை ஸ்டார்ட் செய்து வைக்காதீர்கள்" என்று சொல்லுங்கள் தம்பி. போனதும் பானெட்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால் குளிர்ந்த ஸ்டார்ட்டில் எதையோ மறைக்கிறார்கள், இன்னொரு நாள் வாருங்கள். அடுத்து, தெருமுனை வரை போய்த் திரும்புவதை ஒப்புக்கொள்ளாதீர்கள். நம் டெல்டாவில் ஏற்றமே கிடையாது. ஆற்றுப் பாலத்துச் சரிவுதான் நமக்கு மலை. சமவெளியில் நோஞ்சான் எஞ்சினும் ஓடிவிடும். முக்கால் மணி நேரமாவது ஓட்டுங்கள், நான்கு பேரை ஏற்றிக்கொண்டு, ஏ.சி. போட்டு, பாலம் ஏறும்போது மூன்றாவது கியரில் மிதித்துப் பாருங்கள். பிறகு பத்து நிமிடம் ஓடவிட்டு நிறுத்தி வைத்து, மறுபடி எடுங்கள். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். உள்ளே சேற்றுக்கறை இருந்தால் அது வெள்ளத்தில் நின்ற வண்டி. எவ்வளவு மலிவாக வந்தாலும் வேண்டாம்.

கேள்வி: அறுவடை நேரத்தில் ரோட்டில் வைக்கோல் போட்டு வைத்திருக்கிறார்கள். அதன்மேல் ஓட்டினால் காருக்கு ஏதாவது ஆகுமா? (பாபநாசம் வாசகர்)

பதில்: ஆகும். தயவுசெய்து தவிருங்கள். காருக்கு அடியில் இருக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் ஓடும்போது உள்ளே 400 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாகிறது. காய்ந்த வைக்கோல் அதில் சுற்றிக்கொண்டால் தீப்பிடிக்கும். உள்ளே இருப்பவர்களுக்குப் புகை வந்த பிறகுதான் தெரியும். சுற்றிப் போக வழியில்லை என்றால் மெதுவாகக் கடந்துவிட்டு, கொஞ்சம் தள்ளி வெறும் தரையாகப் பார்த்து நிறுத்தி, இறங்கி, அடியில் குனிந்து பாருங்கள். வைக்கோல் தொங்கினால் எஞ்சினை அணைத்துவிட்டு நீளக் குச்சியால் இழுத்து எடுங்கள், கையை விடாதீர்கள். வைக்கோல்மேல் வண்டியை நிறுத்தவே கூடாது. சம்பா அறுவடை முடிந்ததும் ஒருமுறை ரேடியேட்டர் முன்பக்கத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். தூசியும் பதரும் அடைத்திருக்கும். எஞ்சின் பக்கம் நின்று மெல்லத் தண்ணீர் அடித்தால் வந்துவிடும். ஹை பிரஷரில் அடித்தால் தகடுகள் மடங்கிப் போகும்.