பில்லு தேதி ஒரு நாள் பின்னாடி போகுதா?

இந்த தடவ வந்த கேள்விகள்ல பாதிக்கு மேல தேதி பஞ்சாயத்துதான். ஜேசன்ல (ஆப்பும் சர்வரும் டேட்டா அனுப்பிக்கற எழுத்து வடிவம்) தேதின்னு தனி டைப்பே கிடையாது, ஸ்ட்ரிங்காவோ நம்பராவோதான் எழுதியாகணும், அதனால ஒவ்வொரு லைப்ரரியும் அது இஷ்டத்துக்கு எழுதுது, அடி வாங்கறது நாம.

கேள்வி: அண்ணா, கிருஷ்ணகிரில ஒரு மாங்கா மண்டிக்கு பில்லிங் ஆப் பண்றேன். மே 14 பில்லு சர்வர்ல மே 13ன்னு போய் விழுது. ஏன்?

தம்பி, காலண்டர்ல நீ 14ஐ தொட்டதும் ஜாவாஸ்கிரிப்ட் அத நம்மூரு ராத்திரி 12 மணியா எடுத்துக்குது, ஜேசனாக்கும்போது அது யுடிசிக்கு (உலகப் பொது நேரம்) மாறும், அஞ்சரை மணி நேரம் கழிச்சா 13ஆம் தேதி 18:30. சர்வர்ல முதல் பத்து எழுத்த மட்டும் வெட்டி எடுக்கற போல, 13 வராம என்ன வரும். மாங்கால ரகம் பிரிக்கிறாங்கல்ல, அப்படி இதையும் பிரி. கிருஷ்ணகிரி மாவட்டம் தருமபுரில இருந்து பிரிஞ்சது 2004 பிப்ரவரி 9, லண்டன்ல உக்காந்து பாத்தாலும் அது 9தான், பில்லு தேதியும் அந்த ரகம். அத 2025-05-14ன்னு வெறும் ஸ்ட்ரிங்கா அனுப்பு, சர்வர்ல லோக்கல்டேட்ல (ஜாவால நேரமில்லாத வெறும் தேதி டைப்) வாங்கு. லோடு வண்டி உள்ள நுழைஞ்ச நேரம் வேற ரகம், அதுக்குத்தான் யுடிசி.

நானே மாட்டுனவன்தான். ஒரு பால் கொள்முதல் ஆப்ல நேரத்த யுடிசில சேவ் பண்ணி, அந்த தேதிய வச்சே நாள் கணக்கும் கூட்டிட்டேன். காலைல 5:20க்கு ஊத்தினவங்க பால் முந்தின நாள்ல, 5:35க்கு ஊத்தினவங்க பால் இன்னிக்கு, இத்தனைக்கும் ஒரே வரிசைல முன்ன பின்ன நின்னவங்க. ஒரு ஆயா நோட்ட நீட்டி "ஏம்ப்பா, நேத்து நான் மூணு வேளையா ஊத்துனேன்?"ன்னுச்சு. பாத்தா நேத்து காலைல அது கொஞ்சம் லேட்டா வந்திருக்கு, அது ஒண்ணு, சாயந்தரம் ஒண்ணு, இன்னிக்கு 5:20 பாலும் அங்கயே போய் உக்காந்திருச்சு. யுடிசில வச்சது தப்பில்ல, கூட்டறதுக்கு முன்னாடி நம்ம நேரத்துக்கு மாத்தாததுதான் தப்பு.

கேள்வி: ஸ்பிரிங் பூட்ல (ஜாவா சர்வர் ஃப்ரேம்வொர்க்) ஒழுங்கா வந்த லோக்கல்டேட், நானே ஆப்ஜெக்ட்மேப்பர் (ஜாவா ஆப்ஜெக்ட்ட ஜேசனாக்கறது) போட்டதும் எரர். ஜாவா தேதி டைப்புகளுக்கான ஜாவாடைம்மாட்யூல் சேத்தா [2025,5,14]ன்னு வருது.

ஸ்பிரிங் பூட் குடுக்கற மேப்பர் எல்லாம் செட் பண்ணியே வரும், நீ நியூ போட்டு செஞ்சது மொட்டை மேப்பர். ஜாக்சன் 2ல (அந்த மேப்பர் இருக்கற லைப்ரரி) மாட்யூல் சேத்தா மட்டும் பத்தாது, ரைட் டேட்ஸ் அஸ் டைம்ஸ்டாம்ப்ஸ்ங்கறத (தேதிய நம்பரா எழுதற செட்டிங்) டிசேபிள் பண்ணணும். எதுக்கு இந்த வேலை, இருக்கற மேப்பரையே இன்ஜெக்ட் பண்ணிக்கயேன்.

கேள்வி: பைதான்ல டேட்டைம் போட்டா டைப்எரர் வந்துச்சு, ஜேசனாக்கற டம்ப்ஸ்ல, தெரியாத டைப் வந்தா கூப்பிடற டீஃபால்ட்டுக்கு எஸ்டிஆர் (ஸ்ட்ரிங்காக்கறது) குடுத்தேன், சரியாயிடுச்சு. ஓகேவாண்ணா? (ஓசூர்)

எரர்தான் போச்சு, சரியாகல. இனிமே டெசிமல், செட், நீ எழுதுன கிளாஸ் எது வந்தாலும் சத்தமில்லாம ஸ்ட்ரிங்காயிடும், ஒரு மாசம் கழிச்சு எங்க தேடுவ? சின்னதா ஒரு ஃபங்ஷன் எழுது, டேட்டைமா இருந்தா ஐசோஃபார்மேட் (2025-05-14 மாதிரி எழுதறது), மத்ததுக்கெல்லாம் டைப்எரர். டைம்ஸோன் இல்லாம வர்ற டேட்டைமயும் அங்கயே நிறுத்து. இன்னொண்ணு, பைதான் 3.11க்கு முன்னாடி, அத திருப்பி படிக்கற ஃப்ரம்ஐசோஃபார்மேட் கடைசில இருக்கற இசட்ட (யுடிசின்னு காட்டற எழுத்து) ஏத்துக்காது.

கேள்வி: எல்லா ரெக்கார்டும் 1970 ஜனவரி 21ன்னு காட்டுது!

நேரத்த 1970 ஜனவரி 1ல இருந்து எண்ணி நம்பரா வைக்கறாங்க, உன்னோடது அந்த செகண்ட மில்லிசெகண்டுன்னு நெனச்சு படிக்குது, ஆயிரத்தால பெருக்கு. இன்னிக்கு தேதிக்கு பத்து இலக்கம்னா செகண்ட், பதிமூணுன்னா மில்லி.

கேள்வி: நேரத்தோட +05:30ன்னு ஆஃப்செட் (யுடிசில இருந்து வித்தியாசம்) போதுமா, ஆசியா/கொல்கத்தான்னு டைம்ஸோன் பேரும் வேணுமா?

நடந்து முடிஞ்சதுக்கு ஆஃப்செட் போதும். நம்மூர்லயும் போர் சமயத்துல 1942ல இருந்து 1945 வரைக்கும் கடிகாரம் +06:30ல ஓடுச்சு, ஆனா உனக்கு அவ்ளோ பழசு தேவைப்படாது. இனிமே நடக்கப்போறதுக்குத்தான் பேர் முக்கியம். ரோஜா ஏத்துமதி பண்ற ஒருத்தர் நியூயார்க் ஆளோட வாராவாரம் அவங்க காலை 9 மணிக்கு பேசறார்னு வை, நமக்கு அது கோடைல சாயந்தரம் 6:30, குளிர்காலத்துல 7:30. ஆஃப்செட்ட மட்டும் வச்சிருந்தா பாதி வருசம் ரிமைண்டர் தப்பா அடிக்கும், அதனால 09:00ங்கறதையும் அமெரிக்கா/நியூயார்க்ங்கற பேரையும் தனித்தனியா வை. சில ப்ரவுசர் இன்னும் ஆசியா/கல்கத்தான்னு பழைய பேர்லயே குடுக்கும், ரெண்டும் ஒண்ணுதான், ஈக்வல் செக் போட்டு அதுல ஒரு பக் கெளப்பாத.