ஐஸ்கிரீம் என்று சொல்லி ஊசிக்கு அழைத்துப் போகலாமா?

கேள்வி: என் மகளுக்கு ஐந்து வயது முடிந்துவிட்டது. டிபிடி பூஸ்டர் (தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், ரணஜன்னி வராமலிருக்கப் போடும் தடுப்பூசியின் கூடுதல் தவணை) போட வேண்டும். போன வருஷம் காய்ச்சலில் ரத்தம் எடுக்க மூன்று பேர் அமுக்கிப் பிடித்தார்கள். அதிலிருந்து ஆஸ்பத்திரி வாசலைப் பார்த்தாலே அலறுகிறாள். ஐஸ்கிரீம் வாங்கப் போகிறோம் என்று சொல்லி அழைத்துப் போகட்டுமா?
- வாசகி, மன்னார்குடி

பதில்: வேண்டாம்மா. அடுத்த முறை நிஜமாகவே ஐஸ்கிரீமுக்குக் கூப்பிட்டாலும் வரமாட்டாள். குழந்தைகள் வார்டில் நர்ஸாக இருக்கிறேன். இப்படி ஏமாற்றிக் கூட்டிவந்த பிள்ளைகளைச் சமாதானம் செய்வதுதான் எங்களுக்குப் பெரும்பாடு.

அன்று காலையில் சொல்லுங்கள். போன வாரமே சொன்னால் அத்தனை நாளும் அதே நினைப்பில் கிடப்பாள். “கையில ஊசி போடுவாங்க, சுருக்குன்னு இருக்கும், சட்டுன்னு முடிஞ்சிடும். அம்மா மடியிலதான் உக்காந்திருப்பே.” இவ்வளவு போதும். வலிக்கவே வலிக்காது என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

இந்த வயதில் மேல்கையில்தான் போடுவார்கள், படுக்க வைக்கத் தேவையே இல்லை. மடியில் பக்கவாட்டில் உட்கார வையுங்கள். உங்களை ஒட்டிய கை உங்கள் முதுகைச் சுற்றிக் கட்டிக்கொள்ளட்டும். ஊசி போடும் கையை முழங்கைக்குக் கீழே இதமாகப் பிடியுங்கள். கால்கள் உங்கள் தொடைகளுக்கு நடுவே இருந்தால் உதைக்க மாட்டாள். தடுப்பூசி வலியைக் குறைக்க உலக சுகாதார நிறுவனம் 2015-ல் சொன்னதிலும் பெற்றோர் கூடவே இருப்பது, படுக்க வைக்காமல் இருப்பது இரண்டும் உண்டு. சிஸ்டரிடம் “நான் மடியில வச்சுக்கறேன்” என்று தயங்காமல் கேளுங்கள். சோப்புக் குமிழி ஊதுகிற டப்பா ஒன்று கொண்டுபோங்கள். ஊசி இறங்கும் நேரத்தில் ஊதினால் மூச்சு நீளமாக வெளியே வரும், கை இறுகாது.

ஆரம்ப சுகாதார நிலையம் என்றால் தடுப்பூசி போடும் புதன்கிழமை கைக்குழந்தைகளின் அழுகைதான் எங்கும் கேட்கும். வீட்டுக்காரரை வரிசையில் நிற்கச் சொல்லிவிட்டு, முறை வரும்வரை நீங்கள் அவளோடு வெளியே இருங்கள்.

இன்னொன்று, இதைக் கெஞ்சிக் கேட்கிறேன். “சாப்பிடலைன்னா ஊசி போடச் சொல்லிடுவேன்” என்கிற மிரட்டலை வீட்டில் அப்பத்தா, மாமா எல்லோரும் நிறுத்த வேண்டும். ஊசியைத் தண்டனையாக்கிவிட்டால் நாங்கள் எவ்வளவு சிரித்துப் பேசினாலும் எடுபடாது.

அழுதால் அழட்டும், “பெரிய பொண்ணு அழலாமா” வேண்டாம். இரண்டொரு நாள் கை வலித்து வீங்கலாம், காய்ச்சலும் வரலாம். அதையும் அவளிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். போட்ட இடத்தைத் தேய்க்காமல் ஈரத்துணி ஒத்தடம் கொடுங்கள். காய்ச்சல் மருந்து எவ்வளவு என்று கிளம்பும் முன் அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள்.