வெள்ளிக்கிழமை விளக்கு வைத்த பிறகு சோறு கொடுக்கலாமா?

கேள்வி: கோலாலம்பூர் செந்தூலில் இருக்கிறோம். வேலை முடிந்து சௌகிட் வழியாக வரும்போது கடைவீட்டு அஞ்சடியில் (கடைகளின் முன்னுள்ள நடைபாதையில்) அட்டை விரித்துப் படுத்திருப்பவர்களைத் தினமும் பார்க்கிறேன். மாமனாரின் முதல் திவசம் முடிந்தது. இனி வெள்ளிக்கிழமைதோறும் கொஞ்சம் சமைத்துக் கொண்டுபோய்க் கொடுக்கலாம் என்றேன். மாமியார் ஒப்பவில்லை. ‘விளக்கு வைத்த பிறகு வீட்டிலிருந்து எதையும் வெளியே கொடுக்கக்கூடாது, அதுவும் வெள்ளிக்கிழமை. லட்சுமி கூடவே போய்விடுவாள். தெருவில் கிடக்கிறவர்களைத் தொட்டுக் கொடுத்தால் அவர்கள் தரித்திரம் நம்மீது ஒட்டும். கொடுத்தே ஆகணும்னா சனிக்கிழமை எள்ளுச் சாதம் கொடு, என் பிள்ளைக்கு ஏழரைச் சனி நடக்குது’ என்கிறார். மாமனாரின் துணிகள் ஓர் அலமாரி நிறைய இருக்கின்றன, ‘இறந்தவர் துணி ஆகாது’ என்று அவற்றையும் தொட விடவில்லை. இப்படித் தெருவில் கொடுப்பது சட்டப்படி சரியா என்று கணவர் கேட்கிறார். நான் என்ன செய்வது? – செந்தூல் வாசகி

பதில்: மாமியார் சொன்ன மூன்றையும் ஒரே கூடையில் போடாதீர்கள். முதலாவதில் கொஞ்சம் நியாயம் இருந்திருக்கிறது. இரண்டாவது வெறும் பயம். மூன்றாவதுதான் எங்களுக்கு உறுத்துகிறது.

விளக்கு வைத்தபின் கொடுக்கக்கூடாது என்று பெரியவர்கள் சொல்லும் பொருள்களை எண்ணிப் பாருங்கள்: உப்பு, அரிசி, தயிர், ஊசி, பணம். எல்லாமே பக்கத்து வீட்டார் கைமாற்றாகக் கேட்கும் சாமான்கள். மண்ணெண்ணெய் விளக்கு வெளிச்சத்தில் அளந்து கொடுத்தால் மறுநாள் ‘நீ கொடுத்தது ஒரு படியா, முக்கால் படியா’ என்ற பேச்சு வரும். அதற்குப் போட்ட வேலியாக இருந்திருக்கலாம். சமைத்த சோறு அந்தப் பட்டியலிலேயே இல்லை. வெள்ளிக்கிழமை இரவு கோவிலில் பூசை முடிந்து சுண்டலும் பொங்கலும் கொடுக்கிறார்களே, அது விளக்கு வைத்த பிறகுதானே? மாமி அதைக் கைநீட்டி வாங்கிக்கொண்டுதானே வருகிறார்? வடலூரில் வள்ளலார் 1867ஆம் ஆண்டு மே 23ஆம் தேதி மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையாமல் எரிகிறது, வெள்ளிக்கிழமைக்கு அங்கே விடுமுறை இல்லை. கேரளத்து வைக்கம் கோவிலில் இரவு நடை சாத்துமுன், சாப்பிடாதவர் யாரேனும் உண்டா என்று வாசலில் நின்று கூவிக் கேட்கும் வழக்கம் இருக்கிறது. இதையெல்லாம் மாமியிடம் வாதமாக வைக்காதீர்கள். கோவில் பிரசாதத்தைப் பற்றி மட்டும் ஒருநாள் பேச்சுவாக்கில் கேளுங்கள், போதும்.

ஆனாலும் வெள்ளிக்கிழமையை விட்டுவிடுங்கள் என்றுதான் நாங்களும் சொல்வோம். எங்கள் காரணம் வேறு. வார இறுதி இரவுகளில் சௌகிட், மஸ்ஜித் இந்தியா, கோத்தா ராயா பக்கம் காடி (கார்) காடியாகச் சோறு வந்து இறங்கும். ஒரே ஆள் கையில் நான்கு பொட்டலம் சேரும். இரண்டு பிரிக்கப்படாமலேயே வடிகாலுக்குப் போகும், எலி வரும், கடைக்காரர் திட்டுவார், அந்தத் திட்டு அங்கே படுப்பவர் தலையில்தான் விழும். செவ்வாயும் புதனும் அதே தெரு காய்ந்து கிடக்கும். மழை கொட்டும் இரவுகளிலும் சீனப் புத்தாண்டு, நோன்புப் பெருநாள் விடுமுறைகளிலும் கடைகள் அடைத்திருக்கும், கொடுக்க வருபவர்களும் ஊருக்குப் போயிருப்பார்கள். செவ்வாயும் மாமிக்கு ஆகாது என்பீர்கள். புதன்கிழமையை எடுத்துக்கொள்ளுங்கள், இரண்டு தரப்புக்கும் சமாதானம்.

தரித்திரம் ஒட்டுவது பற்றி: பொட்டலம் கை மாறுவதில் வறுமையும் வராது, நோயும் வராது. காசநோய் காற்றில் பரவுவது, மூடிய இடத்தில் நோயாளியோடு நெடுநேரம் இருந்தால்தான் பயம். சொறி சிரங்கு தோலோடு தோல் வெகுநேரம் உரசினால் தொற்றும். வீடு திரும்பியதும் கைகால் கழுவிவிட்டுத்தான் உள்ளே வரணும் என்று மாமி சொன்னால், மறுபேச்சில்லாமல் கேளுங்கள். அது நல்ல பழக்கம். அதைவிட முக்கியம், கிளம்புவதற்கு முன் சவர்க்காரம் போட்டுக் கை கழுவுவது. உங்கள் கையிலிருந்து அவர்கள் சோற்றுக்குப் போகும் கிருமிதான் அதிகம்.

எள்ளுச் சாதத்துக்கு வருவோம். கோவிலில் சனீஸ்வரனுக்குப் படைத்து எல்லோரும் சாப்பிடுவது ஒரு விஷயம். தோஷத்தைக் கழித்து, அதை வாங்கிக்கொள்ள வேறு போக்கில்லாத ஒருவர் கையில் வைப்பது வேறு விஷயம். அஞ்சடியில் படுப்பவர்களில் நம்மவர்களும் உண்டு. எள்ளுச் சோறும் கறுப்புத் துண்டும் ஒற்றைக் காசும் சேர்ந்து வந்தால், அது எதற்கு என்று தமிழ்ப் பிள்ளையாய் வளர்ந்தவருக்குத் தெரியாதா? பசியில் வாங்கிக்கொள்வார், வாங்கும்போதே குறுகிப்போவார். மாமிக்குப் பரிகாரம் மனநிறைவு தருமென்றால் அதைக் கோவிலோடு முடித்துக்கொள்ளட்டும். திருஷ்டி சுற்றிய எலுமிச்சை, பூசணி, தலையைச் சுற்றிய காசு எதையும் தெருவில் கொடுக்கும் பையில் சேர்க்காதீர்கள். நம் வீட்டுப் பிள்ளை தட்டில் போடத் துணியாததைப் பொட்டலத்திலும் போட வேண்டாம்.

இனிச் சமையல். முதல் தடவை 20 பொட்டலத்துக்கு மேல் போகாதீர்கள். 2 கிலோ அரிசி வடித்தால் ஏறக்குறைய 5 கிலோ சோறு வரும், ஆளுக்கு 250 கிராம். பருப்பு அரைக் கிலோ, காய்கறி ஒன்றரைக் கிலோ, அவித்த முட்டை 20. சாம்பாரைக் கெட்டியாக வையுங்கள், தண்ணியாக இருந்தால் பொட்டலம் ஒழுகும். தேங்காய்ப்பால், தேங்காய்ச் சட்னி இரண்டும் வேண்டாம், நம் ஊர் வெக்கையில் முதலில் கெடுவது அவைதான். தயிர்சாதமும் அப்படித்தான், இரண்டு மணி நேரத்தில் புளிக்கத் தொடங்கும். எலும்போடு கோழி, முறுக்கலான பொரியல் இரண்டையும் தவிருங்கள். வயதானவர்களில் பலருக்குப் பல் இல்லை. பூசணி, கேரட், உருளை எல்லாம் மசிய வேகட்டும். இனிப்புத் தண்ணீர்ப் பொட்டலத்துக்குப் பதில் அரை லிட்டர் குடிநீர் போத்தல் வையுங்கள். இனிப்புநீர் (நீரிழிவு) உள்ளவர்கள் தெருவிலும் இருக்கிறார்கள், மருந்துக்கு வழியில்லாமல்.

முட்டை தவிர மற்றதைச் சைவமாகச் சமைத்தால் பாதிச் சிக்கல் தீரும். இந்துவும் சீனரும் சாப்பிடலாம். மலாய்க்காரர் சிலர் மட்டும் நம் வீட்டுச் சமையல் என்றால் தயங்குவார்கள். ‘சாயூர், தெலூர் சாஜா, பாக்சிக்’ (காய்கறியும் முட்டையும்தான், ஐயா) என்று சொல்லுங்கள். அப்படியும் வேண்டாம் என்றால் முகம் சுளிக்காதீர்கள். ஹலால் முத்திரையுள்ள பிஸ்கட்டும் ரொட்டியும் நான்கைந்து தனியாக வைத்திருந்தால் அவரும் வெறுங்கையோடு இருக்க மாட்டார். நோன்பு மாதத்தில் பகலில் கொடுக்கப் போகவே கூடாது. நோன்பு திறந்த பிறகு, அதாவது இரவு எட்டுக்கு மேல் போங்கள்.

பெரும்பாலும் தவறு நடப்பது நேரக் கணக்கில். மதியமே சமைத்து மூடி வைத்துவிட்டு இரவு ஒன்பதுக்குக் கொடுப்பார்கள். சோற்றில் ஒரு வகைக் கிருமியின் வித்துகள் வேகும்போதும் சாகாமல் கிடக்கும். பெரிய பானையில் நடுச்சோறு மணிக்கணக்கில் வெதுவெதுப்பாகவே இருக்கும், அந்தச் சூட்டில் அவை முளைத்துப் பெருகி நஞ்சைக் கக்கும். மறுபடி சுட வைத்தாலும் அந்த நஞ்சு போகாது. வீட்டில் வயிற்றுப்போக்கு வந்தால் கழிவறை இருக்கிறது. அஞ்சடியில் படுப்பவருக்கு இரவில் அது எங்கே? ஆகவே பின்னாலிருந்து கணக்குப் போடுங்கள். 8.30க்குக் கொடுக்கத் தொடங்க வேண்டுமென்றால், 7 மணிக்குச் சோறு இறங்கட்டும், 7.15க்கு ஆவி பறக்கும்போதே கட்டத் தொடங்கி 7.45க்குள் முடித்து, 8 மணிக்குக் கிளம்பிவிடுங்கள். முட்டையைத் தோலோடு தனியாக வையுங்கள். கட்டிய நேரத்தைப் பொட்டலத்தின் மேல் பேனாவால் எழுதி, ‘பத்தரைக்குள் சாப்பிட்டுடுங்க’ என்று வாயாலும் சொல்லுங்கள். நாளைக் காலைக்கென்று எடுத்து வைப்பவர்கள் இருப்பார்கள். அவர்களுக்குத்தான் அந்த ரொட்டி. கரண்டியும் ஈரத்தாளும் மறக்காதீர்கள், கை கழுவத் தண்ணீர் இருக்காது.

அந்தக் கரண்டியைச் சோற்றில் செங்குத்தாகக் குத்தி நீட்டாதீர்கள். இறந்தவருக்குப் படைக்கும் சோற்றில் ஊதுபத்தி நிற்பதுபோல் இருக்கும் என்று சீனப் பெரியவர்கள் அதை அபசகுனமாக நினைப்பார்கள். நமக்கு எள் எப்படியோ, அவர்களுக்கு அது. இதே காரணத்துக்காகத் தூங்குபவர் தலைமாட்டில் பொட்டலத்தை வைத்துவிட்டு வரவும் வேண்டாம். சீனரின் ஏழாம் மாதத்தில் ஆவிகளுக்குச் சாலையோரம் படைப்பார்கள், கண் விழித்துப் பார்ப்பவருக்குத் திக்கென்றிருக்கும். எறும்பும் எலியும் அதற்குள் வந்துவிடும் என்பது தனி. தூங்குபவரை எழுப்பாதீர்கள், தாண்டாதீர்கள். படுத்திருப்பவரைத் தாண்டினால் வளர்த்தி நின்றுவிடும் என்று நம் வீடுகளில் சொல்வதை நம்ப வேண்டியதில்லை, கடைப்பிடிக்கலாம். அவர் விரித்த அட்டை அவருக்கு வீடு. சுற்றிப் போங்கள்.

மூன்று பேராகப் போகக்கூடாது என்று மாமி சொன்னால் நான்கு பேராகப் போங்கள், அதுதான் வசதியும்கூட. ஒருவர் காடியோடு, இருவர் கொடுக்க, ஒருவர் வரிசையின் கடைசியில் நின்று ஆளை எண்ண. எத்தனை பேர் என்று முதலில் நடந்து பார்த்துவிட்டு வந்து பிறகு கொடுங்கள். 30 பேர் இருக்கும் இடத்தில் 20 பொட்டலத்தைத் திறந்தால் தள்ளுமுள்ளுதான். காடிக் கண்ணாடியை இறக்கி நீட்டிவிட்டுப் போவது கூடாது. இறங்கி நின்று, குனிந்து, வலது கையால் கொடுங்கள். ‘அண்ணே, பசியாறியாச்சா?’, ‘பாக்சிக், சுடா மாக்கான்?’ (ஐயா, சாப்பிட்டாச்சா?), ‘அங்கிள், சாப்பாடு வேணுமா?’ என்று கேட்டுவிட்டு நீட்டினால், வேண்டாம் என்று சொல்லும் உரிமையும் அவருக்குக் கிடைக்கும். படம் எடுக்காதீர்கள். சோற்றின்மேல் கண் படும் என்று அஞ்சுகிற நாம், கையேந்தி நிற்கும் ஒருவரின் முகத்தை ஊருக்கே காட்டலாமா?

உங்கள் கணவர் கேட்டது நியாயமான கேள்வி. 2014இல் புக்கிட் பிந்தாங்கைச் சுற்றி 2 கிலோமீட்டருக்குள் தெருவில் சோறு கொடுக்கத் தடை என்று அப்போதைய கூட்டரசுப் பிரதேச அமைச்சர் அறிவித்தார். எதிர்ப்பு கிளம்பியதும் அது கைவிடப்பட்டது. சாப்பாடு கொடுப்பதில் உங்களுக்கு வரக்கூடிய வம்பு, குப்பையாலும் வழியை அடைத்துக் காடி நிறுத்துவதாலும்தான். ஒரு கறுப்புக் குப்பைப்பை கொண்டுபோய், அரை மணி நேரம் இருந்து, காலிப் பொட்டலங்களைத் திரும்ப வாங்கி வாருங்கள். இன்னொன்றும் தெரிந்திருக்கட்டும்: 1977ஆம் ஆண்டின் ஆதரவற்றோர் சட்டப்படி தெருவில் இருப்பவரை அதிகாரிகள் கூட்டிப்போய் நல்வாழ்வு இல்லத்தில் வைக்க முடியும். உதவி என்று நினைத்து, அவரைக் கேட்காமல் யாருக்கும் போன் போடாதீர்கள். அவரே இடம் வேண்டும் என்றால் ஜாலான் பஹாங்கில் மாநகர் மன்றத்தின் இடைத்தங்கல் மையம் இருக்கிறது. நல்வாழ்வு உதவிக்குத் தாலியான் காசே என்ற தொலைபேசிச் சேவை, எண் 15999. சமைக்க முடியாத வாரங்களில் ‘ஜாலான் ராஜா ஆலாங் குருத்துவாராவில் (சீக்கியர் கோவிலில்) யார் போனாலும் சாப்பாடு உண்டு’ என்ற தகவலைக் கொடுங்கள், அதுவும் உதவிதான். தனியாகச் செய்யத் தயக்கமாக இருந்தால், நெடுநாளாக இயங்கும் கெச்சாரா சூப் கிச்சன் போன்ற குழுவோடு நாலைந்து இரவு நடந்து பழகிவிட்டுத் தொடங்குங்கள்.

கடைசியாக மாமனாரின் துணிகள். ஓராண்டாயிற்று என்பதால் உங்களுக்கு அது அலமாரி. மாமிக்கு அப்படியில்லை. ‘இறந்தவர் துணி ஆகாது’ என்று அவர் சொல்வதில் எவ்வளவு சாஸ்திரம், எவ்வளவு பிரிய மனமில்லாமை என்று கிளறாதீர்கள். அவரையே எடுத்துப் பிரிக்கச் சொல்லுங்கள், அவசரப்படுத்தாதீர்கள். தெருவில் பயன்படுவது கறுப்பு, நீலம் போன்ற அழுக்குத் தெரியாத டீ-சட்டை, கயிறு வைத்த கால்சட்டை, கைலி, மெல்லிய ஜாக்கெட். கோட்டும் வேட்டியும் அங்கே சுமை, துவைத்துக் காயப்போட இடம் கிடையாது. பழைய உள்ளாடை வேண்டவே வேண்டாம். அதைப் புதிதாகத்தான் வாங்கித் தர வேண்டும், கேட்டுப் பார்த்தால் பலரும் முதலில் கேட்பதும் அதைத்தான். சப்பாத்தைவிட ரப்பர்ச் சிலிப்பர் நல்லது, 8, 9, 10 அளவுகளில் இரண்டிரண்டு சோடி இருக்கட்டும். துணிகளைச் சுடுநீரில் துவைத்து, பித்தான் தைத்து, ஒரு ஆளுக்கு ஒரு செட்டாக மடித்துப் பையில் போடுங்கள். சோறு கொடுக்கும் அதே நேரத்தில் துணியைப் பிரிக்காதீர்கள், இரண்டும் கலந்தால் வரிசை கலையும். துவைக்கப் போடுமுன் சட்டைப் பைகளை மாமியே ஒருமுறை துழாவிப் பார்க்கட்டும். பஸ் டிக்கெட்டோ வெற்றிலைப் பாக்குத் துணுக்கோ ஏதாவது கிடைக்கலாம், அது அவரிடமே இருக்க வேண்டியது.