கோத்தகிரி வீட்டுக்கு சோலார்: மூன்று கிலோவாட் வேண்டாம், இரண்டு போதும்

கேள்வி: கோத்தகிரி பக்கம் அரவேணுவில் எங்களுக்குச் சொந்த வீடு. கணவர் தேயிலை ஃபேக்டரியில் வேலை பார்க்கிறார், நான் வீட்டில் தையல் வேலை செய்கிறேன். இரண்டு பிள்ளைகள். மாமியாருக்கு மூச்சுத் தொந்தரவு இருப்பதால் இரவில் ரூம் ஹீட்டர் போட்டே ஆக வேண்டும். கீசரும் உண்டு. வருஷத்தில் நாலு கரண்ட் பில் 620 யூனிட்டை ஒட்டி வருகிறது. வெயில் மாதங்களில் வரும் இரண்டு பில் மட்டும் 430 யூனிட். 3 கிலோவாட் சோலார் போட்டால் பில்லே வராது என்று கோவையிலிருந்து வந்த ஒரு நிறுவனத்தார் சொல்கிறார்கள். விலை 2,10,000 ரூபாய், மானியம் 78,000 போக 1,32,000. 2 கிலோவாட் என்றால் 1,50,000. கையில் 50,000 இருக்கிறது. மீதிக்கு நகையை அடகு வைக்கலாமா? இந்தப் பனிமூட்டத்தில் சோலார் வேலை செய்யுமா? மழைக்காலத்தில் அடிக்கடி கரண்ட் போகிறதே, அப்போது உதவுமா? மின் இணைப்பு இன்னும் காலமான மாமனார் பெயரிலேயே இருக்கிறது.

பதில்: சோலார் போடலாம். ஆனால் 3 கிலோவாட் வேண்டாம், 2 போதும். நகையைத் தொடாதீர்கள். காரணத்தை உங்கள் பில்லை வைத்தே சொல்கிறேன்.

நம்மூர் மின்கட்டணம் அடுக்கடுக்காக ஏறுவது உங்களுக்குத் தெரியும். 2024 ஜூலையில் வந்த கட்டணப்படி, இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். மொத்தம் 500 யூனிட்டுக்குள் நின்றால் அடுத்த 100 யூனிட்டுக்கு 2.35 ரூபாய், அதற்கு மேல் 400 வரை 4.70, பிறகு 500 வரை 6.30. 500-ஐத் தாண்டிவிட்டால் இரண்டு விஷயம் நடக்கும். தாண்டிய யூனிட்டுக்கு 8.40 ரூபாய், 600-க்கு மேல் 9.45 ரூபாய் என்று விலை ஏறும். அதோடு, 2.35 ரூபாய்க்குக் கிடைத்த அந்த 100 யூனிட்டும் 4.70 ஆகிவிடும். அதனால் 500 யூனிட்டுக்கு 1,805 ரூபாய் வருகிற பில், 501 யூனிட் ஆனால் 2,048. அந்த ஒரு யூனிட்டின் விலை 243 ரூபாய்! உங்கள் 620 யூனிட் பில் 3,069 ரூபாய், 430 யூனிட் பில் 1,364. நாலு பெரிய பில்லும் இரண்டு சின்ன பில்லும் சேர்த்தால் வருஷத்துக்கு ஏறத்தாழ 15,000 ரூபாய்.

சோலாருக்கு நெட் மீட்டர் வைப்பார்கள். பகலில் பேனல் தருவதில் வீட்டுக்குப் போக மிஞ்சுவது மின்வாரியத்தின் கம்பிக்குப் போகும். இரவில் ஹீட்டருக்கு வேண்டியது கம்பியிலிருந்து வரும். எடுத்ததில் கொடுத்ததைக் கழித்து, மிச்சம் நிற்கிற யூனிட்டுக்குத்தான் அடுக்குக் கணக்கு. ஆக, சோலார் உங்கள் பில்லை மேலிருந்து கீழாக வெட்டுகிறது. விலை அதிகமான யூனிட்டுகள் முதலில் கழியும், மலிவானவை கடைசியில்.

இப்போது ஒவ்வொரு கிலோவாட்டும் என்ன சம்பாதிக்கிறது என்று தனித்தனியாகப் பாருங்கள். உங்கள் ஊரில் ஒரு கிலோவாட் பேனல் வருஷ சராசரியாக ஒரு நாளைக்கு 3 யூனிட், அதாவது ஒரு பில்லுக்கு 180 யூனிட் தரும் என்று வைத்திருக்கிறேன். முதல் கிலோவாட் உங்கள் 620-ஐ 440 ஆக்கும், பில்லில் 1,642 ரூபாய் குறையும். இரண்டாவது 440-ஐ 260 ஆக்கும், குறைவது 910 ரூபாய். மூன்றாவது 260-ஐ 80 ஆக்கும். குறைவது 517 ரூபாய்தான், ஏனென்றால் அது கழிப்பது மலிவான யூனிட்டுகளையும், எப்படியும் இலவசமாகக் கிடைக்கிற யூனிட்டுகளையும். 430 யூனிட் வருகிற மாதங்களில் இரண்டு கிலோவாட்டிலேயே பில் பூஜ்யம் ஆகிவிடும். மூன்றாவதுக்கு அங்கே வேலையே இல்லை.

மானியமும் அப்படித்தான் அமைந்திருக்கிறது. 2024 பிப்ரவரியில் மத்திய அரசு கொண்டுவந்த பி.எம். சூர்ய கர் திட்டத்தில் முதல் இரண்டு கிலோவாட்டுக்குத் தலா 30,000 ரூபாய், மூன்றாவதுக்கு 18,000, அதற்கு மேல் கிடையாது. உங்களுக்குச் சொன்ன விலைப்படி 2 கிலோவாட் மானியம் போக 90,000 ரூபாய். வருஷத்தில் மிச்சமாவது ஏறத்தாழ 12,900. ஏழு வருஷத்தில் போட்ட பணம் திரும்பிவிடும். மூன்றாவது கிலோவாட்டுக்கு நீங்கள் கூடுதலாகத் தருவது 42,000 ரூபாய், அது வருஷத்துக்கு மிச்சம் பிடிப்பது வெறும் 2,070. அந்தப் பணம் திரும்ப இருபது வருஷம் ஆகும். ‘பில்லே வராது’ என்ற பேச்சுக்கு நீங்கள் கொடுக்கிற விலை அந்த 42,000. அதைப் பிள்ளைகள் பெயரில் வங்கியில் போட்டால்கூட இதைவிட நல்ல வருமானம் வரும்.

சரி, மலையில் வெயில்? இதுதான் உங்கள் கேள்வியில் முக்கியமானது. கோவைக்காரர்கள் சமவெளிக் கணக்கில் ஒரு கிலோவாட்டுக்கு ஒரு நாளைக்கு 4 யூனிட் என்று எழுதித் தருவார்கள். நான் 3 என்று குறைத்துப் போட்டதற்குக் காரணம் பனிமூட்டமும் மழையும்தான், குளிர் அல்ல. பேனலுக்கு வேண்டியது வெளிச்சம், சூடு அல்ல. பேனலின் சூடு 25 டிகிரியைத் தாண்டினால் ஒவ்வொரு டிகிரிக்கும் உற்பத்தி 0.3 முதல் 0.4 சதவீதம் குறையும். ஏப்ரல் வெயிலில் சமவெளி மொட்டைமாடியில் பேனல் 60 டிகிரியைத் தாண்டிக் கொதிக்கும்போது, உங்கள் கூரையில் அது இதமாக இருக்கும். வானம் வெளுத்த நாளில் கோத்தகிரிப் பேனல் சமவெளிப் பேனலை மிஞ்சும். உறைபனி விழுகிற ஜனவரி நாட்களில் பொழுது விடிந்ததும் பளிச்சென்று வெயில் அடிக்கிறதே, அது பேனலுக்கு அருமையான நேரம்.

ஆனால் நீலகிரி முழுக்க ஒரே வானிலை இல்லை. கூடலூர், பந்தலூர்ப் பக்கம் தென்மேற்குப் பருவமழை வெளுத்து வாங்கும். அவலாஞ்சியில் 2019 ஆகஸ்ட் 8-ஆம் தேதி ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் கொட்டியது. உங்கள் பக்கம் ஐப்பசி, கார்த்திகை மழைதான் அதிகம். அதனால் ஊட்டியில் இருக்கிற உறவினர் வீட்டுக் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். அரவேணுவிலோ பக்கத்து ஹட்டியிலோ (படகர் சிற்றூர்) ஏற்கெனவே சோலார் போட்டவர் இருந்தால் அவருடைய ஒரு வருஷ பில்லைக் கேட்டுப் பாருங்கள். ஆறு பில்லையும் பார்க்க வேண்டும், ஒரே ஒரு நல்ல மாதத்தை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள்.

உங்கள் கூரையையும் நீங்களே பாருங்கள். காலை 9 மணி, நடுப்பகல், பிற்பகல் 3 மணி என்று மூன்று வேளை மாடியில் நின்று நிழல் எங்கே விழுகிறது என்று சாக்பீஸால் கோடு போடுங்கள். மார்கழி, தை மாதங்களில் சூரியன் தெற்கே சாய்ந்து போவதால், வீட்டுக்குத் தெற்கே சில்வர் ஓக் மரமோ மேடோ இருந்தால் அப்போதுதான் தெரியும். ஒரே வரிசையில் இணைத்த பேனல்களில் ஒன்றின் மேல் நிழல் விழுந்தாலும் மொத்த உற்பத்தியும் அடிவாங்கும். மரத்தை வெட்டிவிடலாம் என்று யாராவது சுலபமாகச் சொன்னால் கேட்காதீர்கள். 1955-ஆம் வருஷத்து மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டப்படி அதற்கு அனுமதி வாங்க வேண்டும். தெற்கு பார்த்த கூரை முதல் தரம். உங்கள் பக்கம் பெரும்பாலும் மதியத்துக்கு மேல்தான் மேட்டுப்பாளையம் சரிவிலிருந்து மூட்டம் ஏறி வரும் என்பதால், மேற்கு பார்த்த கூரையைவிடக் கிழக்கு பார்த்த கூரை மேல். வடக்குச் சரிவில் மட்டும்தான் இடம் என்றால் என் பதிலே மாறும், அந்தப் பணத்தைச் செலவழிக்காதீர்கள்.

இங்கே ஹீட்டரைப் பற்றி ஒரு வார்த்தை. 2,000 வாட் ரூம் ஹீட்டர் ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 120 யூனிட். உங்களை 500-லிருந்து 620-க்குத் தள்ளுவது ஏறத்தாழ அதுதான், பில்லில் அதன் பங்கு 1,260 ரூபாய். வேறு வீடாக இருந்தால் முதலில் அதை நிறுத்துங்கள் என்பேன். மூச்சுத் தொந்தரவு உள்ள பெரியவர் இருக்கிற வீட்டில் அப்படிச் சொல்ல மாட்டேன். அந்த அறை சூடாக இருக்கட்டும். ஜன்னல் இடுக்கை அடைத்து, கதவுக்குக் கீழே துணி உருளை வைத்தால் ஹீட்டர் ஓடும் நேரம் தானாகக் குறையும். ஆனால் அறையை முழுக்க மூடிவிடாதீர்கள், அவருக்குக் காற்றோட்டம் வேண்டும்.

கீசர் கதை வேறு. 25 லிட்டர் தண்ணீரை நம்மூர்க் குளிரிலிருந்து குளிக்கிற பதத்துக்குச் சூடாக்க கிட்டத்தட்ட ஒரு யூனிட் ஆகும். ஆளுக்கு ஒரு தடவை என்றால் ஐந்து பேருக்கு இரண்டு மாதத்தில் 300 யூனிட், அதாவது உங்கள் பில்லில் பாதி. பிள்ளைகள் அடுத்தடுத்து உடனே குளித்து, கீசரை உடனே அணைத்தாலே வித்தியாசம் தெரியும்.

இனி பணம். மானியம் முதலில் வராது. பேனல் மாட்டி, நெட் மீட்டர் வைத்து, ஆய்வு முடிந்த பிறகுதான் வங்கிக் கணக்குக்கு வரும். அதனால் முதலில் உங்களுக்குத் தேவைப்படுவது 90,000 அல்ல, முழு 1,50,000. இதற்கு நகைக்கடன் பொருந்தாது. அது பெரும்பாலும் ஒரு வருஷக் கடன். சோலாரின் லாபமோ ஏழு வருஷத்தில் சொட்டுச் சொட்டாக வருவது. வருஷா வருஷம் வட்டி கட்டித் திருப்பி வைத்துக்கொண்டே போவீர்கள், ஒரு வருஷம் தவறினால் நகை ஏலத்துக்குப் போகும்.

3 கிலோவாட் வரையிலான சோலாருக்குப் பொதுத்துறை வங்கிகள் 2 லட்சம் வரை அடமானம் இல்லாமல் கடன் தருகின்றன. வட்டி, ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் தரும் வட்டியான ரெப்போ விகிதத்தை ஒட்டியது என்பதால் நகைக்கடனைவிடக் குறைவு. கையிலிருக்கும் 50,000-ல் 20,000 மட்டும் போடுங்கள். மாமியாருக்கு ராத்திரியில் திடீரென்று ஆஸ்பத்திரி என்றால் மீதி 30,000 கையில் இருக்க வேண்டும். மிச்சம் 1,30,000 கடன். மானியம் 60,000 வந்ததும் அப்படியே கடனில் கட்டிவிடுங்கள், அந்தப் பணம் ஒரு நாள்கூட வீட்டில் தங்கக் கூடாது. பாக்கி 70,000. 6.5 சதவீத வட்டியில் ஏழு வருஷம் என்றால் மாதத் தவணை ஏறத்தாழ 1,040 ரூபாய். பில்லில் மிச்சமாவது மாதத்துக்குச் சராசரி 1,080. தவணையைப் பில்லே கட்டிவிடும். ஒன்று மட்டும் கவனியுங்கள்: மானியத்தைக் கட்டும்போது, கால அளவை அப்படியே வைத்துத் தவணைத் தொகையைக் குறைத்துத் தரும்படி மேனேஜரிடம் எழுதிக் கொடுங்கள். சொல்லாவிட்டால் தவணை பழையபடி 1,900-க்கு மேலேயே நின்றுவிடலாம். பேனல் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றித் தருகிற சோலார் இன்வெர்ட்டரைப் பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் மாற்ற வேண்டிவரும் என்பதையும் மனதில் வையுங்கள். பேனலுக்கு வழக்கமாக 25 வருஷ உற்பத்தி உத்தரவாதம் தருகிறார்கள்.

ஆனால் இதற்கெல்லாம் முன்னால் மின் இணைப்பைக் கணவர் பெயருக்கு மாற்றுங்கள். மானியம் இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவருக்குத்தான். காலமானவர் பெயரில் விண்ணப்பித்தால் பாதியில் நின்றுவிடும். மாமனாரின் இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், வீட்டு வரி ரசீது எடுத்துக்கொண்டு மின்வாரியப் பிரிவு அலுவலகத்துக்குப் போங்கள். அனுமதிக்கப்பட்ட மின்சுமை எவ்வளவு என்றும் அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள். பழைய இணைப்புகளில் அது குறைவாக இருக்கலாம், கூட்ட வேண்டியிருக்கலாம்.

நிறுவனத்தாரிடம் விலைப்பட்டியலை எழுத்தில் வாங்குங்கள். இந்தியாவிலேயே தயாரான சோலார் செல்களும் பேனலும் என்று அதில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மானியம் கிடையாது. சோலார் சாதனங்களுக்கான ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 12-லிருந்து 5 சதவீதமாகிவிட்டது, பழைய வரியில் விலை போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். மலைப்பகுதிக்குக் கூடுதல் மானியம் உண்டு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அது இமாச்சல், உத்தராகண்ட் போன்ற சிறப்புப் பிரிவு மாநிலங்களுக்கு உள்ளது, நீலகிரிக்குப் பொருந்தாது. பழுது என்றால் கோவையிலிருந்து ஆள் ஏறி வர எத்தனை நாள், அதற்குத் தனியாகக் காசா என்பதும் எழுத்தில் இருக்கட்டும். எர்த்திங், இடிதாங்கி இரண்டிலும் சிக்கனம் பார்க்காதீர்கள். குரங்குகள் இழுக்காதபடி கம்பிகளைக் குழாய்க்குள் விடச் சொல்லுங்கள்.

கடைசியாக மின்வெட்டு. பைக்காராவில் 1932-லிருந்து மின்சாரம் எடுக்கிற மலையில், மழைக்காலத்தில் நீங்கள் மெழுகுவத்தி ஏற்றுவது வருத்தம்தான். ஆனால் பேட்டரி இல்லாத இந்த வகை சோலார் அதற்கு உதவாது. மரம் விழுந்து லைன் போனால், கம்பியைச் சரி செய்கிற ஊழியருக்கு ஷாக் அடிக்காமல் இருக்க உங்கள் சோலாரும் தானாக நின்றுவிடும், மேலே வெயில் அடித்தாலும்தான். பேட்டரியோடு சேர்ந்த ஹைப்ரிட் வகை இருக்கிறது. ஆனால் பேட்டரிக்கென்று மானியம் கிடையாது, செலவு மட்டும் கூடும், நான் மேலே போட்ட ஏழு வருஷக் கணக்கும் கெடும். விளக்குக்கும் மாமியாரின் நெபுலைசருக்கும் சாதாரண வீட்டு இன்வெர்ட்டர் ஒன்று போதும். அதைத் தனியாக வாங்குங்கள், முடிந்தால் சோலாருக்கு முன்பே. ரூம் ஹீட்டரை மட்டும் அதில் மாட்டாதீர்கள், அந்தச் சுமையை அது தாங்காது.