முப்பந்தல் அனுபவம் கடலில் செல்லுமா?

கேள்வி: ஐயா, முப்பந்தல் பக்கம் காற்றாலைகளில் சர்வீஸ் டெக்னீஷியனாக இருக்கிறேன். எலக்ட்ரிக்கல் டிப்ளமோ முடித்தவன். வெளிநாட்டில் கடல் காற்றாலைகளில் நிறைய ஆள் எடுக்கிறார்கள், நம் கடலிலும் வரப்போகிறது என்கிறார்கள். எனக்குத் தெரிந்த வேலை அங்கே செல்லுமா? புதிதாக என்னென்ன வருகிறது, நான் எதைக் கற்றுக்கொள்ள வேண்டும்? (ஆரல்வாய்மொழி வாசகர்)

பதில்: செல்லும். டவர் உச்சியில் இயந்திரங்கள் இருக்கும் பெட்டியான நாசெல்லுக்குள் ஏறிவிட்டால், பிளேடு கோணத்தை மாற்றும் பிட்ச், நாசெல்லைக் காற்றை நோக்கித் திருப்பும் யா, ஹைட்ராலிக், கன்வர்ட்டர் எல்லாம் உங்களுக்குப் பழகிய சங்கதிகள்தான். பல கடல் டர்பைன்களில் கியர்பாக்ஸே இருக்காது, ரோட்டர் நேரடியாக ஜெனரேட்டரைச் சுற்றும். உப்புக்காற்று உள்ளே வராமல் நாசெல்லை இறுக்கமாக மூடி, ஈரத்தை உறிஞ்சி எடுத்துக்கொண்டே இருப்பார்கள். இதெல்லாம் சில வாரங்களில் பிடிபட்டுவிடும்.

மாறுவது, அந்த நாசெல்லுக்குப் போய்ச் சேரும் வழி. முப்பந்தலில் அலாரம் வந்தால் ஜீப்பில் கிளம்பிக் கொஞ்ச நேரத்தில் டவர் அடியில் நிற்பீர்கள். கடலில் அதே அலாரத்துக்கு, அலை அடங்கும்வரை நாள்கணக்கில் கரையிலேயே உட்கார்ந்திருக்க நேரலாம். அதுவரை டர்பைன் சும்மா நிற்கும். அதனால் இத்துறையில் உருப்படியான ஆராய்ச்சி பலவும் இரண்டே கேள்விகளைச் சுற்றித்தான் நடக்கிறது. ஆளைப் பத்திரமாக ஏற்றுவது எப்படி? ஆளையே அனுப்பாமல் சமாளிப்பது எப்படி? டென்மார்க்கின் விண்டெபியில் 1991-இல் 450 கிலோவாட்டில் ஆரம்பித்த டர்பைன் இன்று 15 மெகாவாட்டைத் தாண்டியிருக்கிறது. இந்தப் பெரிசு பெரிசான செய்திகளைப் படித்து ரசியுங்கள், உங்கள் வேலைக்கு அவற்றால் பெரிய பிரயோஜனம் இல்லை.

ஏறுவதைப் பார்ப்போம். சிறிய படகு டவரின் அடியில் உள்ள இரண்டு செங்குத்துக் குழாய்களில் மூக்கை முட்டி, இன்ஜினை முன்னோக்கி ஓட்டியபடியே அழுத்திக்கொண்டு நிற்கும். முன்னால் உள்ள ரப்பர் உராய்வுதான் படகைப் பிடித்து வைத்திருக்கிறது. அலை அந்தப் பிடியை மீறினால் படகு சட்டென்று வழுக்கும். அதனால் படகு நிலையாக நிற்கும் தருணம் பார்த்து, ஹார்னஸைக் கயிற்றில் மாட்டி, ஏணிக்கு ஒரே எட்டில் மாற வேண்டும். அலை உயரம் சுமார் ஒன்றரை மீட்டரைத் தாண்டினால் பொதுவாக ஏற விடமாட்டார்கள்.

இதற்கு நெதர்லாந்தின் டெல்ஃப்ட் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் கண்ட வழிதான் ஆம்பெல்மான். விமானிகளுக்குப் பயிற்சி தரும் சிமுலேட்டரில் ஆறு ஹைட்ராலிக் கால்கள் அறையை ஆட்டும். அதையே திருப்பிப் போட்டார்கள்: கப்பல் ஆடும்போது அதற்கு எதிராக ஆறு கால்களும் நீண்டு சுருங்கி, மேலே உள்ள மேடையை ஆடாமல் வைக்கின்றன. மேடையிலிருந்து டவருக்குப் பாலம் போட்டு நடந்தே போய்விடலாம். சிறு படகு கரைக்குத் திரும்பிவிடும் அலையிலும் இது வேலை செய்கிறது. இன்று ஐரோப்பாவின் வட கடலில் (நார்த் சீ) டெக்னீஷியன்கள் கப்பலிலேயே வாரக்கணக்கில் தங்கி, இப்படிப்பட்ட பாலங்கள் வழியாகத்தான் வேலைக்குப் போகிறார்கள்.

சரி, ஆளே போகாமல் இருக்க? முதலில் பிளேடு. கடலில் சத்தத்துக்குப் புகார் சொல்ல அக்கம்பக்கம் யாரும் இல்லை என்பதால் வேகமாகச் சுற்ற விடுகிறார்கள். பிளேடு நுனி வினாடிக்கு 90 மீட்டர் வேகத்தில், அதாவது மணிக்கு 320 கிலோமீட்டருக்கு மேல், மழைத்துளிகளை மோதுகிறது. சில வருடங்களில் முன்விளிம்புப் பூச்சு பொத்துப்போகும். டென்மார்க் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தார் 2018-இல் சொன்ன யோசனை எளிமையானது. சேதத்தில் பெரும்பங்கு எப்போதாவது வரும் கனமழையால்தான், அந்த நேரத்தில் மட்டும் வேகத்தைக் குறைத்தால் போதும். கொஞ்சம் மின்சாரம் போகும், பிளேடு பிழைக்கும். எல்லாப் பண்ணைகளுக்கும் இது இன்னும் வந்துவிடவில்லை. அதனால் கயிற்றில் தொங்கிப் பிளேடு பழுது பார்ப்பவர்களுக்கு இப்போதைக்கு நல்ல கிராக்கி.

அடுத்தது மிதக்கும் காற்றாலை. சுமார் 60 மீட்டர் ஆழத்துக்கு மேல் கடலடியில் தூண் நடுவது கட்டுப்படியாகாது, மிதவையில் நிறுத்தி நங்கூரம் போடுகிறார்கள். ஸ்காட்லாந்தின் பீட்டர்ஹெட் அருகே 2017-இல் ஐந்து டர்பைன்களோடு தொடங்கிய ஹைவிண்ட்தான் இதில் முதல் பண்ணை. 2024-இல் ரோட்டர் தண்டைத் தாங்கும் மெயின் பேரிங்கை மாற்ற வேண்டி வந்தது. ஐந்தையும் கழற்றி, கடலைத் தாண்டி நார்வேக்கு இழுத்துப் போய், மாற்றி, திரும்ப இழுத்து வந்தார்கள். ஒரு பேரிங்குக்காக இத்தனை பாடு! டவர் மேலேயே பொருத்தும் கிரேன்களை வைத்து, மிதக்கும் டர்பைனை நின்ற இடத்திலேயே பழுது பார்க்கும் முறைக்கு இப்போது இவ்வளவு முக்கியத்துவம் ஏன் என்று புரிகிறதா? பேரிங் தேய்வதை மாதங்களுக்கு முன்பே அதிர்வை வைத்துக் கண்டுபிடிப்பவருக்கு மதிப்பு எங்கிருந்து வருகிறது என்பதும் இதிலேயே அடங்கியிருக்கிறது.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. அதிர்வுப் பகுப்பாய்வில் முதல் நிலைச் சான்றிதழ் வாங்குங்கள், இப்போதைய வேலையிலும் உதவும். உயரம் பயமில்லை என்றால் கயிறு வேலைப் பயிற்சியோடு பிளேடு பழுது பார்ப்பது இன்னொரு வழி. இரண்டையும் ஒன்றாக ஆரம்பிக்காதீர்கள்.

ஜி.டபிள்யூ.ஓ. (குளோபல் விண்ட் ஆர்கனைசேஷன் என்ற காற்றாலைத் துறை அமைப்பு) வகுத்த அடிப்படைப் பாதுகாப்புப் பயிற்சி கட்டாயம். முதலுதவி, தீ, சுமை தூக்குதல், உயரத்தில் வேலை ஆகியவை தரைக்கும் பொது. கடலுக்குக் கூடுதலாக, கடலில் உயிர் காக்கும் பயிற்சி உண்டு. சான்றிதழ் இரண்டு வருடம்தான் செல்லும், ஆகவே வேலை கிட்டத்தட்ட உறுதியான பிறகு கடல் பகுதியை முடியுங்கள். பலர் அவசரப்பட்டு முதலிலேயே பணம் கட்டி முடித்துவிட்டு, வேலை வருவதற்குள் காலாவதியாக விடுகிறார்கள். சான்றிதழ் விண்டா என்ற ஆன்லைன் பதிவேட்டில் உங்கள் பெயரில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். ஏறாத காகிதத்துக்கு மதிப்பில்லை.

நம் கடலை நம்பி இப்போதே வேலையை விட வேண்டாம். குஜராத், தமிழ்நாடு கடல்களில் தலா 500 மெகாவாட்டுக்கு மத்திய அரசு 2024 ஜூனில் ரூ.7,453 கோடித் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. அதில் 600 கோடி இரண்டு துறைமுகங்களை மேம்படுத்துவதற்கு. ஒப்புதலுக்கும் முதல் டர்பைனுக்கும் இடையே கடலடி ஆய்வு, டெண்டர், கேபிள் என்று வருடங்கள் ஓடும். வெளிநாடு போவதானால் வட கடலில் குளிர்காலம் அலைக்காலம், பெரிய பராமரிப்பு வேலைகள் கோடையில்தான் நடக்கும். அதற்கு ஆள் எடுப்பது முந்தைய மாதங்களிலேயே தொடங்கிவிடும் என்பதால், இங்கே காற்று சீசன் முடிந்த கையோடு விண்ணப்பிக்கத் தொடங்குங்கள்.